அச்சு நகரும் ஆட்டம்

ஆட்டுக்கல்லில் குழவி சுழல்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வோம். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் அது சுழல்வதில்லை. ஆட்டுகிறவரின் வலது கை குழவியின் தலையைப் பிடித்து வட்டம் போடுகிறது. தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் குழவியின் விலா குழியின் சுவரில் அழுந்துகிறது. எதிர்ப்பக்கம் விலகி மாவுக்கு வழிவிடுகிறது. குழவிக்குள் மேலிருந்து கீழாக ஒரு நடுக்கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டால், அந்தக் கோடு ஓரிடத்தில் நிற்பதே இல்லை. காற்றில் ஒரு கூம்பை வரைந்துகொண்டே போகிறது. இடது கை சும்மா இருப்பதில்லை. ஓரத்தில் ஏறும் உளுந்தை விரல்நுனியால் வழித்து, குழவி விலகும் அந்த நொடியில் நடுவே தள்ளிவிட்டு, கல் திரும்பி வருமுன் வெளியே வந்துவிடுகிறது. மாவு பொங்கி வருவது கல்லின் எடையால் மட்டும் இல்லை. அரைபடுவது, விலகுவது, மடிவது, மறுபடி அரைபடுவது என்ற இந்த மாற்றத்தில்தான் காற்றும் உள்ளே போய்ச் சேர்கிறது.

1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி இந்த வேலையை மின்மோட்டாரிடம் கொடுத்தார். நம் வீட்டுப் பெண்களின் தோளிலிருந்து அவர் இறக்கிவைத்த பாரத்தை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே ஒரு அசைவு: நிலையான அச்சில் வட்டம். ஆகவே கிரைண்டரில் பாத்திரம் சுற்றுகிறது, குழவி ஓரமாகச் சாய்ந்து நிற்கிறது, இடது கையின் வேலையை ஒரு தள்ளுபலகை செய்கிறது. பிறகு வந்த மேசை கிரைண்டரில் கற்கள் கூம்பு வடிவம் பெற்றன. அது அழகுக்காகச் செய்த வடிவம் இல்லை. வட்டத்தளம் சுற்றும்போது வெளிவிளிம்பு வேகமாகவும் உள்வட்டம் மெதுவாகவும் போகும். ஒரே பருமனுள்ள உருளையை அதன்மேல் வைத்தால் ஒரு முனை இழுபடும், மறுமுனை தேயும். வெளியே பருத்தும் உள்ளே சிறுத்தும் இருக்கும் கூம்பு மட்டும் தளத்தின் வேகத்தோடு ஒத்து உருளும். கிரைண்டர் வாங்கும்போது நாம் கேட்பது எத்தனை லிட்டர், எத்தனை கல் என்பதைத்தான். அந்தக் கல்லின் உருவத்துக்குள் ஒரு வடிவியல் தேற்றம் இருப்பதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

நிலையான அச்சுக்கு என்ன குறை? ஒரு டம்ளர் தண்ணீரில் தேயிலைத் துகளைப் போட்டுக் கரண்டியால் ஒரே திசையில் சுற்றிவிடுங்கள். கரண்டியை எடுத்ததும் தண்ணீர் முழுக்க ஒரே கட்டியாகச் சுற்றும். பக்கத்துப் பக்கத்துத் துளிகள் சேர்ந்தே போகின்றன, ஒன்றை ஒன்று கடப்பதில்லை. துகள்கள் அடியில் நடுவே குவிந்துவிடும். அப்படிக் குவிவது ஏன் என்று 1926-இல் ஐன்ஸ்டைன் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். அதாவது சுற்றுவதும் கலப்பதும் ஒன்றல்ல. சில சமயம் சுற்றுவதே பிரித்துவிடும். மதுரை டீக்கடைகளில் மாஸ்டர் கரண்டியை அதிகம் நம்பாததற்கு நான் காணும் நியாயம் இதுதான். கையை உயர்த்தி ஆற்றும்போது டீ நீண்டு மெலிந்து விழுகிறது, விழுந்த இடத்தில் மடிந்து புரள்கிறது, உடனே அடுத்த டம்ளருக்குப் போகிறது. நீட்டி மடிப்பதுதான் கலவை என்பதைத் திரவ இயக்கவியல் அறிஞர் ஹசன் அரெஃப் 1984-இல் கணிதமாக எழுதினார். பரோட்டா மாவை வீசி மடிப்பவருக்கும் அது கைப்பழக்கம்.

அச்சே நகரும் அசைவை ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. முடியும் என்று காட்டியவர் பால் ஷாட்ஸ். 1898-இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தவர். கணிதமும் இயந்திரப் பொறியியலும் படித்துவிட்டு அதை விட்டு மரச்சிற்பத்துக்குப் போனவர். வாழ்வின் பெரும்பகுதியை ஸ்விட்சர்லாந்தின் டோர்னாக் ஊரில் கழித்து 1979-இல் காலமானார். 1929-இல் அவர் ஒரு கனசதுரத்தை மூன்றாகப் பிரித்தார். எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு துண்டு. நடுவே எஞ்சியது ஆறு நான்முகிகள் கீல் போட்டாற்போலக் கோத்த ஒரு வளையம். மூன்றுக்கும் கன அளவு சமம். அந்த வளையத்தைக் கையில் எடுத்துப் புரட்டினால் உள்பக்கம் வெளியே வரும், வெளிப்பக்கம் உள்ளே போகும், மறுபடி பழைய நிலைக்கே திரும்பும். எத்தனை முறை வேண்டுமானாலும் புரட்டலாம், எங்கும் முட்டாது.

இதில் வியப்பு என்னவென்றால், பொறியியல் மாணவர்கள் பாடத்தில் போடும் கணக்குப்படி இந்த வளையம் அசையவே கூடாது. ஆறு உறுப்புகளை ஆறு கீல்களால் வளையமாகக் கோத்தால் அதன் சுதந்திர அளவு பூஜ்யம் என்றுதான் சூத்திரம் சொல்லும். ஆனாலும் அளவுகளும் கோணங்களும் குறிப்பிட்ட விதத்தில் அமைந்துவிட்டால் அது அசைகிறது. இப்படி அசையும் வளையங்களைப் பிரெஞ்சுக்காரரான ரவுல் பிரிக்கார் 1927-இலேயே வகைப்படுத்தியிருந்தார். பிரிக்கார் கணக்கின் வழியாகப் போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஷாட்ஸ் உளியும் மரமுமாகப் போய்ச் சேர்ந்தார். சிற்பியின் கைக்கு இந்த மரியாதையை மதுரைக்காரர்கள் தயங்காமல் கொடுக்கலாம். யாளியின் வாய்க்குள் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாத கல்லுருண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

அந்தப் புரட்டலை ஆராய்ந்துகொண்டே போன ஷாட்ஸ் கண்டெடுத்த உருவம்தான் ஒலாய்டு. அதை நீங்களே செய்து பார்க்கலாம். கெட்டி அட்டையில் 6 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டங்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி 3 செ.மீ. நீளத்துக்கு, அதாவது ஆரத்தில் பாதிக்கு, அட்டையின் கனம் அகலத்தில் ஒரு பிளவு வெட்டுங்கள். ஒரு வட்டத்தை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கையாகவும் பிடித்துப் பிளவோடு பிளவைச் செருகுங்கள். இப்போது ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பும் மற்றதன் மையத்தைத் தொடும். இதுதான் ஒலாய்டின் எலும்புக்கூடு. இரண்டு விளிம்புகளையும் ஒரு தோலால் இழுத்துப் போர்த்தினால் முழு உருவம். கொஞ்சம் சரிவான பலகையில் விட்டுப் பாருங்கள். நேராக உருளாது; இடப்பக்கம் ஒரு சாய்ப்பு, வலப்பக்கம் ஒரு சாய்ப்பு என்று ஒருச்சாய்ந்து ஒருச்சாய்ந்து நடந்து போகும். ஆனாலும் பாதை விலகாது. தோல் போர்த்திய ஒலாய்டு இப்படிப் போகும்போது அதன் மேற்பரப்பில் ஓரிடம் விடாமல் தரையைத் தொட்டுவிடுகிறது. பந்து உருண்டால் ஒரு கோடுதான் தரையில் படும். ஒலாய்டு தன்னை முழுவதுமாக விரித்துக் காட்டிவிட்டுப் போகிறது.

உருளும்போது அதன் நடு எடை சற்றே ஏறி இறங்கும். பிளவை 3 செ.மீ.க்குப் பதிலாக ஏறத்தாழ 1.75 செ.மீ. ஆக வெட்டினால் வட்டங்களின் மையங்கள் இன்னும் தள்ளிப் போகும். அப்போது எடை ஒரே உயரத்தில் போகும், லேசாக ஊதினாலே நகரும். இரண்டையும் செய்து அருகருகே ஓடவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு √2 என்ற எண்ணின் மேல் ஒரு பிரியம் வந்துவிடும். ஏனென்றால் அந்த இரண்டாவது பொம்மையில் மையங்களுக்கு இடையிலான தூரம் ஆரத்தைப்போல √2 மடங்கு.

ஒலாய்டுக்கு இன்னும் இரண்டு குணங்கள் உண்டு. அதன் புறப்பரப்பு, அதே ஆரமுள்ள கோளத்தின் புறப்பரப்புக்குச் சரிசமம். ஹான்ஸ் டிர்ன்பெக்கும் வியன்னாவின் ஹெல்முத் ஷ்டாகலும் 1997-இல் எழுதிய கட்டுரை இதை விரிவாக நிறுவியது. மற்றொன்று தொழிலுக்கு உதவுவது: அந்தத் தோலைத் தட்டையாக விரிக்க முடியும். கோளத்தைத் தகட்டில் செய்ய வேண்டுமென்றால் உலோகத்தைத் தட்டி நீட்ட வேண்டும். கப்பலின் புரொப்பெல்லருக்கு வார்ப்பு வேண்டும், கடைசல் வேண்டும். ஒலாய்டுக்கு ஒரே ஒரு தட்டையான தகடு போதும்; சரியான கோட்டில் வெட்டி, வளைத்து, ஓரத்தைப் பற்றவைத்தால் முடிந்தது. புனலும் முறத்தகடும் செய்யும் தகர வேலைக்காரரின் கைக்கு எட்டாத உருவம் இல்லை இது.

ஷாட்ஸின் வளையம் முதலில் தொழிலாக மாறியது பொடி கலக்கும் இயந்திரத்தில். ஸ்விட்சர்லாந்தின் பாக்கோஃபென் நிறுவனம் செய்யும் டர்புலா என்ற கருவி இன்றும் உலகின் பல மருந்து ஆய்வகங்களில் இருக்கிறது. இரண்டு இணையான தண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கவை. இரண்டு கவைகளுக்கும் நடுவில் ஒரு கூடை. கூடைக்குள் பாட்டிலை இறுக்கி ஓடவிட்டால், பாட்டில் சுழலவும் செய்கிறது, இடம் பெயரவும் செய்கிறது, தலைகீழாகவும் புரள்கிறது. வேகமும் ஒரே சீராக இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறைகிறது. உள்ளே கத்தி கிடையாது, இறக்கை கிடையாது. பாத்திரத்தின் பயணமே கலவை.

பொடி கலப்பதற்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். தைராய்டு மாத்திரை இன்று பல குடும்பங்களில் பழக்கமானது. ஒரு மாத்திரையில் மருந்து 50 மைக்ரோகிராம். மாத்திரையின் எடையோ ஏறத்தாழ 100 மில்லிகிராம் என்றால், மருந்து இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் வெறும் நிரப்புப் பொடி. லட்சம் மாத்திரைகளில் ஒவ்வொன்றிலும் அந்த ஒரு பங்கு கூடாமல் குறையாமல் இருந்தாக வேண்டும். பொடியோ திரவம் போல நடந்துகொள்வதில்லை. முறத்தில் அரிசியைப் புடைக்கும்போது உமி பறக்கிறது, கொழிக்கும்போது குருணையும் அரிசியும் தனித்தனியாக ஒதுங்குகின்றன. நம் பாட்டிமார் பிரிப்பதற்குப் பயன்படுத்திய அதே குணம், கலக்க நினைக்கிறவருக்கு எதிரி. நிலையான அச்சில் உருளும் பீப்பாயில் பொடிகளைப் போட்டால் சிறு துகள்கள் நடுவில் ஒரு கருவாகச் சேர்ந்துகொள்ளும். நீண்ட உருளையாக இருந்தால் பட்டை பட்டையாகவே பிரிந்துவிடும். ஜப்பானிய அறிஞர் ஓயாமா 1939-இல் இதை எழுதிவைத்தார். கூடுதலாகச் சுற்றினால் கூடுதலாகக் கலக்கும் என்ற நம்பிக்கை இங்கே பலிப்பதில்லை. அச்சு இடம்விட்டு இடம் போய்க்கொண்டே இருந்தால் துகள்களுக்கு நிலையான நடு என்று ஒன்று அமைவதில்லை, அவை ஒதுங்கிக்கொள்ள இடம் கிடைப்பதில்லை. கல்வத்தில் இத்தனை சாமம் அரைக்க வேண்டும் என்று நேரக்கணக்கு எழுதிவைத்த சித்த மருத்துவ மரபுக்கும் இந்தக் கவலை இருந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நேரத்தைச் சொன்ன ஏடு கையின் வழியைச் சொல்லாமல் சீடனின் கண்ணுக்கு விட்டுவிட்டது.

மதுரைக்கு இந்தப் பேச்சு அந்நியமில்லை. 1992-இல் இங்கே தொடங்கிய ஆரோலேப், கண்புரை அறுவைக்குப் பின் கண்ணுக்குள் வைக்கும் வில்லையை இந்த மண்ணிலேயே செய்து, ஏழைகளுக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. அவ்வகைப் பிளாஸ்டிக் வில்லைகளைச் செய்யும் தொழிலில், கடைந்தெடுத்த வில்லையின் கூரிய விளிம்பை மழுங்கச் செய்ய உருட்டல் என்றொரு படி உண்டு. மிகச்சிறிய கண்ணாடி மணிகளோடு வில்லைகளையும் ஜாடியில் போட்டு நாள்கணக்கில் உருட்டுவார்கள். எந்தக் கையும் தொட்டுத் தேய்க்க முடியாத ஒரு விளிம்பை, ஜாடியின் அசைவு மட்டுமே தேய்த்துக் கொடுக்கிறது. பாத்திரம் எப்படி அசைய வேண்டும் என்பது ஏதோ கணிதப் புதிர் என்று நினைப்பவர்கள், புரை நீங்கி எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு முதியவரின் கண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஷாட்ஸ் தண்ணீரையும் விடவில்லை. ஒலாய்டை நீருக்குள் தொங்கவிட்டு அந்தப் புரட்டலைக் கொடுத்தால் அது நீரை வெட்டாமல் தள்ளுகிறது. ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. படகை ஓட்ட இதைப் பயன்படுத்தலாம் என்று அவர் முயன்றார். வைகை அணையில் பரிசலில் போய் மீன் பிடிப்பவர்களின் துடுப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த அசைவு பிடிபடும். பரிசலுக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. ஒரு பக்கமாக வலித்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே துடுப்பை முன்னால் நீட்டி, நீரை விட்டு எடுக்காமல், எட்டுப் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுத்து வருவார்கள். அங்கும் அச்சு நிற்பதில்லை. மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றும் சேர்ந்து அதைக் கொண்டுபோகின்றன.

கப்பல்களில் புரொப்பெல்லரை ஒலாய்டு இறக்கிவிடவில்லை, இனியும் இறக்காது என்பதே என் கணிப்பு. ஒரே தண்டு, ஒரே பேரிங், சீரான சுமை என்ற எளிமைக்கு முன்னால் இரண்டு தண்டும் கூடிக் குறையும் வேகமும் கொண்ட கருவி கடலில் தாக்குப்பிடிப்பது கடினம். ஆனால் குளத்தில் கதை வேறு. ஐரோப்பாவில் ஒலாய்டு நிலைத்திருப்பதும் குளங்களிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும்தான். அதற்கு இயற்பியல் காரணம் உண்டு. நீரைத் தள்ளும் விசை, தள்ளிய நீரின் அளவையும் வேகத்தையும் பெருக்கிவரும் தொகை. செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே விசையை, நான்கு மடங்கு நீரைக் கால் பங்கு வேகத்தில் தள்ளிப் பெற்றால், ஆற்றல் கால் பங்குதான் ஆகும். சின்ன இறக்கையை வேகமாகச் சுழற்றுவதைவிடப் பெரிய உடலை மெதுவாகப் புரட்டுவது குளத்துக்கு ஏற்றது என்பதன் கணக்கு இவ்வளவே. நீருக்கு உயிர் கொடுக்கிறது, நினைவூட்டுகிறது என்றெல்லாம் இந்த உருவத்தைச் சுற்றி அங்கே சிலர் ஆன்மிகப் பேச்சுகள் கட்டியிருக்கிறார்கள். அவற்றை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கே போதுமான அழகோடு இருக்கிறது.

நம் குளங்களுக்கு இது எவ்வளவு வேண்டியது என்பதை மதுரையில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியூர் கண்மாயில் ஆகாயத்தாமரை, செல்லூர் பக்கம் பந்தல்குடி வாய்க்காலில் நுரை, கிருதுமால் நதி என்ற பெயரில் ஓடும் சாக்கடை. தேங்கிய நீரில் காற்றின் ஆக்சிஜன் மேல்பரப்பு வழியாகத்தான் இறங்கும். கோடையில் மேல்நீர் சூடாகி லேசாகி, அடிநீரோடு சேராமல் தனிப்படலமாக நின்றுவிடும். இரவில் பாசியும் செடியும் இருக்கிற ஆக்சிஜனையும் சுவாசித்துத் தீர்க்கின்றன. விடியற்காலையில் அது மிகவும் குறைந்திருக்கும். மீன்கள் வாயைப் பிளந்து மேலே வருவதும் செத்து மிதப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அடிநீரை மெல்ல மேலே கொண்டுவந்துகொண்டே இருப்பதுதான் மருந்து. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும், நீருக்குள் காற்றைச் செலுத்திக் கலக்குவதற்கே மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி போகிறது என்பது உலகெங்கும் பொதுவான அனுபவம். அவனியாபுரமும் சக்கிமங்கலமும் நம் கழிவுநீரைச் சுமக்கும் ஊர்கள். அங்கே கலக்கும் செலவில் சிறிது குறைந்தாலும் அது நகரத்தின் பணம்.

இதற்கு வெளிநாட்டுக் கருவியை விலைக்கு வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஷாட்ஸின் கண்டுபிடிப்பு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமை கொண்டது. அந்த உருவமும் வளையமும் இன்று எல்லோருக்கும் பொதுவான வடிவியல். கே.புதூரிலும் கப்பலூரிலும் சிட்கோ பேட்டைகளில் லேத்தும் தகடு வளைக்கும் இயந்திரமும் இருக்கின்றன. தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-இலிருந்து இந்த ஊரில் பொறியாளர்களை உருவாக்கி வருகிறது. ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடுகிறார்கள். ஒரு மீட்டர் நீள ஒலாய்டு, இரண்டு கவைகள், ஒரு சிறு கியர் மோட்டார், வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஒரு சோலார் பலகை: ஓர் ஊருணியில் தொடங்க இது போதும். கூடவே அதே வாட் எடுக்கும் சாதாரண புரொப்பெல்லர் ஒன்றையும் இன்னோர் ஊருணியில் வைக்க வேண்டும். ஒப்பிடாத சோதனை விளம்பரமாகத்தான் முடியும்.

பேராசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. சித்திரை வெயில் ஏறுமுன் கருவியை இறக்குங்கள். வெயில்காலம் முழுக்க விடியற்காலை ஐந்து மணிக்கு மேலே ஒன்று, அடியில் ஒன்று என ஆக்சிஜன் அளவைக் குறித்து வாருங்கள். எத்தனை யூனிட் மின்சாரம் ஆனது, பேரிங் எப்போது தேய்ந்தது, கவை எங்கே விரிசல் கண்டது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒலாய்டு தோற்றாலும் அந்த எண்கள் நம்முடையவை. மதுரைக் குளங்களைப் பற்றி அப்படிப்பட்ட எண்கள் நமக்கு இப்போதே தேவைப்படுகின்றன. அவற்றைத் தமிழிலேயே வெளியிடுங்கள்.